பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்

முழங்காலுக்காக வேண்டிக்கொண்டு திருத்தணிக்குப் போனேன். போன இடத்தில் ஒரு வேனின் பெட்ரோல் பம்புக்காகவும் சேர்த்துப் படியேற வேண்டியதாகிவிட்டது. முருகனுக்கே அந்த வேண்டுதல் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

நான் கோயமுத்தூர்க்காரி. பெயர் ருக்மணி. போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கணவர் ஆரம்பித்தது, அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “கிணத்துல தண்ணி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் சுவிட்சைப் போட்டீங்களா?” தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாருக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இறங்கிய பிறகும் ஓட்டினால் காயில் வெந்துபோகும். இதைச் சொல்லித் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். திட்டுக்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன். மறுபடி நடக்க முடிந்தால் படியேறி வருகிறேன் என்று திருத்தணி முருகனிடம் சொல்லியிருந்தேன். மருதமலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க, பகல் முழுக்க ரயிலில் போகும் தூரத்து முருகனிடம் எதற்கு என்று பட்டறையில் கேட்டார்கள். என் தங்கை பூங்கொடி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, அவளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

தங்கை வீட்டுக்காரர் தணிகாசலம் கோயமுத்தூரில் நூல் மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பூங்கொடி அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டாள். இப்போது சொந்த ஊரில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வைத்து ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கொடியையும் ஏற்றிக்கொண்டு திருத்தணி ஸ்டேஷன் வாசலில் அந்த வேனோடு நின்றிருந்தார்.

“வாங்கக்கா. கால் எப்டி கீது?”

“கால் இருக்குதுங் மாப்பிள்ளை. வண்டிதான் இருமுது போலிருக்குது,” என்றேன். சாவியைத் திருப்பி மூன்று தடவை முயற்சி செய்த பிறகுதான் வண்டி கிளம்பியது. மோட்டார் சத்தத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது நல்ல சத்தமாகப் படவில்லை. அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அவர் எப்போதுமே அப்படித்தான், என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவர்களிடம் அவ்வளவு மரியாதை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

படியேறுவதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு வண்டியிலேயே மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றாள் பூங்கொடி. வண்டி ஊருக்குள் ஒழுங்காகத்தான் போனது. மலைப்பாதையில் ஏற ஆரம்பித்ததும் ஒரு உதறல். தணிகாசலம் கியரைக் குறைத்தார். இன்னொரு உதறல். இரண்டாவது வளைவில் இன்ஜின் இழுவை முழுக்க விட்டுப்போய் நின்றேவிட்டது. நின்றதோடு இல்லாமல் மெல்லப் பின்னால் நகரவும் செய்தது. ஆபரேஷன் கால் என்பதெல்லாம் மறந்து நான் கதவைத் திறந்து குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அணை கொடுத்தேன்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஆந்திரக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நடந்து போனது. அதில் ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடியிடம் அர்த்தம் கேட்டேன். “வண்டியும் நடந்து வர்றதா வேண்டிக்கினு இருக்கும்ன்றாரு,” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் மொட்டைத் தலையோடு கோயிலுக்குப் போகிறவரை என்ன சொல்ல முடியும்?

இருபது நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. மேலே ஏறத் தைரியம் இல்லாமல் திருப்பிக்கொண்டு இறங்கினோம். அப்போதுதான் தணிகாசலம் விஷயத்தைச் சொன்னார்.

அந்த வேனில் தினமும் ஐந்து டீச்சர்கள் போகிறார்கள். எல்லோரும் திருத்தணி. வேலை நகரிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில். காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் போய் அழைத்துவருவார். வேறு சவாரி எப்போதாவதுதான், வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஐந்து பேரால். போன இரண்டு வாரத்தில் வண்டி மூன்று தடவை வழியில் நின்றிருக்கிறது. மூன்று நாளும் டீச்சர்களுக்குப் பள்ளியில் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள்.

“இன்னிக்கு சுஜாதா டீச்சர் சொல்லிட்டாங்கக்கா. திங்கக்கிழமை ஒரு வாட்டி நின்னாலும், அப்பால வேற வேன் பார்த்துக்கறோம்னு. கோவமா கூட சொல்லல, ஒயுங்காத்தான் சொன்னாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பேசிச் சமாளிக்கலாம். ஒழுங்காகச் சொன்னால் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை, ஆக எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. “இதுக்கு மின்னாடி காட்டினீங்களா யார்கிட்டயாவது?” என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். ஒரு மெக்கானிக் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் ஏர் ஃபில்டரை மாற்றினார், மூன்றாமவர் இன்ஜினையே இறக்க வேண்டும் என்றாராம். “இறக்குவாங்க இறக்குவாங்க. அவங்க ஊட்டுல எண்ணெச் சட்டியையா இறக்கறாங்க?” என்று கத்தினேன். பூங்கொடி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சனிக்கிழமை காலை இட்லியும் வடகறியும். எங்கள் பக்கம் வடை மீந்தால் அது மறுநாள் தயிர்வடை. இங்கே கடலைப்பருப்பை அரைத்து, வடையாகத் தட்டி, உதிர்த்து, குழம்பில் போட்டு ஒரு வழி பண்ணுகிறார்கள். இட்லிக்கு இவ்வளவு உபசாரம் தேவையா என்று கேட்டுக்கொண்டே ஆறு சாப்பிட்டேன்.

நாலாவதாக நாங்கள் போனது மெக்கானிக் முனிரத்தினத்திடம். அவர் ஷெட் நகரி ரோட்டில் இருக்கிறது. தணிகாசலத்தை அவர் ‘பாவா’ என்று, தெலுங்கில் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டார். சொந்தமா என்று கேட்டால், இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்களாம். இந்த ஊரில் பிடித்தவர்களையெல்லாம் பாவா ஆக்கிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரை மச்சான் என்று கூப்பிடுவதற்குள் நாலு தலைமுறையை விசாரித்துவிடுவோம்.

முனிரத்தினம் முதலில் எதையும் கழற்றவில்லை. எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்று மூன்று கேள்வி கேட்டார். அப்போதே அந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு பின் சீட்டைத் தட்டிக் காட்டி, “இங்க காது வைங்கம்மா,” என்றார். தணிகாசலம் சாவியைப் பாதி திருப்பினார். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டு நின்றது.

“அதான் பெட்ரோல் பம்பு. டேங்குக்குள்ளயே கீது. சத்தம் வர்றதால ஓடுதுன்னு தெரியுது. ஆனா எவ்ளோ தள்ளுதுன்னு சத்தத்துல தெரியாது.”

“டேங்குக்குள்ளேயா? பெட்ரோல்ல முங்கியா கிடக்குது?” என்றேன்.

“ஆங். முங்கித்தான் கெடக்கணும்.”

அந்த ‘கெடக்கணும்’ என்பதை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். நான் அப்போது கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் அவர் கையில் எடுத்த கேஜ் மேல் இருந்தது. எங்கள் பட்டறையில் தண்ணீர் பிரஷர் பார்க்க வைத்திருக்கும் கேஜுக்குத் தம்பி மாதிரி இருந்தது. பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த ஒருவரைச் சாலைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, பம்பின் ஃபியூஸை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கவைத்தார். குழாயில் இருக்கிற அழுத்தம் இறங்கத்தான் அது, இல்லாவிட்டால் கழற்றும்போது பெட்ரோல் முகத்தில் பீச்சுமாம். பிறகு இன்ஜினுக்குப் போகும் குழாயில் கேஜை மாட்டினார்.

இந்த வண்டிக்கு மூன்று பார் அழுத்தம் நிற்க வேண்டும் என்றார். சும்மா ஓடும்போதே முள் இரண்டரையில்தான் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இரண்டு, ஒன்றரை என்று இறங்கியது. சமதளத்தில் இன்ஜின் கேட்பது கொஞ்சம், அதனால் சமாளிக்கிறது. மலையேறும்போது அதிகமாகக் கேட்கிறது, பம்பால் கொடுக்க முடியவில்லை. பசியோடு மூட்டை தூக்கச் சொன்னால் எவன்தான் தூக்குவான்?

“அப்ப பம்புதான் போச்சுங்களா?”

“அவசரப்படாதீங்க. கம்மியா வர்றதுக்கு நாலு காரணம் இருக்கும்,” என்றார்.

முதல் காரணம் ஃபில்டர். கழற்றி ஊதிப் பார்த்தார், அடைப்பு இல்லை. இரண்டாவது, பம்புக்குப் போகும் கரண்ட். ஒயர் துருப்பிடித்திருந்தால் பாதி கரண்ட் வழியிலேயே செத்துவிடும். பம்பை ஓடவிட்டபடியே மீட்டரை வைத்தார், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மூன்றாவது, மிஞ்சுகிற பெட்ரோலைத் திரும்ப டேங்குக்கு அனுப்பும் ரெகுலேட்டர். அது கெட்டிருந்தால் தேவையானதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும். துணியைச் சுற்றிக் குறடால் அந்தத் திரும்புகிற குழாயை இரண்டு விநாடி நெரித்தார். பம்பு நன்றாக இருந்தால் முள் எகிற வேண்டும். கொஞ்சம்தான் அசைந்தது. மிச்சம் இருந்த நாலாவது காரணம் பம்புதான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “இதுதானுங்க நாங்களும் பண்றது! டெலிவரி வால்வை அடைச்சுப் பார்ப்போம். முள் ஏறலைன்னா மோட்டாரை மேல எடுன்னு அர்த்தம்,” என்றேன்.

“அப்போ நீங்களே சொல்லிடுங்க, இன்னா பண்ணலாம்?”

“மேல எடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே டேங்கைக் கீழே இறக்கினார். உள்ளே இருந்தது வடித்தால் இரண்டு லிட்டர் தேறாது. பம்பை வெளியே எடுத்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் ‘அட’ என்றோம். அடியில் வலை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும், வெள்ளையாக இருக்க வேண்டுமாம். இது வண்டல் ஏறிக் கறுப்பாக, காபி வடிகட்டிய துணியைத் துவைக்காமல் போட்ட மாதிரி இருந்தது. டேங்கின் அடியிலும் துருவும் மண்ணும். பம்பின் உடம்பு சூட்டில் நிறம் மாறியிருந்தது.

முனிரத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாவா, ரிசர்வுலயேதான் ஓட்டிகினு கீறியா?”

தணிகாசலம் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, “இல்லியே, அப்பப்போ போடறனே,” என்றார்.

“பெட்ரோல்லதான் கலப்படம் இருக்குது,” என்று நான் தீர்ப்பு சொன்னேன். முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பம்பு திருத்தணியில் கிடைக்கவில்லை. திருவள்ளூரில் ஒரு கடையில் இருப்பதாக முனிரத்தினம் போனில் விசாரித்துச் சொன்னார். டேங்கைக் கழுவிக் காயவைக்க அவருக்குத் தணிகாசலம் உதவி தேவைப்பட்டது. நானும் பூங்கொடியும் ரயிலில் கிளம்பினோம். கிளம்பும் முன் அவசரத்துக்கு ஒரு களிக்கடை. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. அந்தச் சட்னி காரத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு தொழிலாளி அதையே சர்க்கரைப் பொங்கல் போல வழித்துக்கொண்டிருந்தார். இங்கே ஆந்திரம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டால் போர்டைப் பார்க்க வேண்டாம், சட்னியைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் எடுத்துப்போட்டதை நம்பரோடு ஒத்துப்பார்த்து வாங்கினோம். புது வடிகட்டியும் வாங்கினோம். திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் உலகத்தையே சரிசெய்துவிட்ட நினைப்பு எனக்கு. மணவூரில் ரயில் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. சிக்னல் விழவில்லை. பிளாட்பாரத்தில் நாயும் படுத்துவிட்டது, பெட்டியில் பாதிப் பேரும் தூங்கிவிட்டார்கள்.

எதிர் சீட்டில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் லுங்கி மூட்டை, தறி நெய்யும் பொதட்டூர்பேட்டைக்காரர்களாக இருக்க வேண்டும். சும்மா இருக்கப் பிடிக்காமல் பூங்கொடியிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அந்த ஆளு சித்தூர்ல இருந்து பைக்ல வந்தாராம். வழியில பெட்ரோல் தீந்துபோச்சாம். ரெண்டு கிலோமீட்டர் தள்ளிகினே வந்தாராம்.”

“ஏன், அங்கேயே போட்டிருக்கலாமில்ல?”

“இவரும் அதான் கேக்கறாரு. அதுக்கு அந்த ஆளு…” பூங்கொடி நிறுத்தினாள்.

“அதுக்கு?”

“அந்தப் பக்கம் விலை ஜாஸ்தி இல்ல? பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்னு வந்தாராம்.”

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. டேங்கில் இரண்டு லிட்டர். வெந்துபோன பம்பு. அடி வண்டலை உறிஞ்சிய வடிகட்டி. மேடு ஏறும்போது டேங்கில் கொஞ்சமாக இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பம்பு காற்றைக் குடித்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓட்டுகிற அதே வேலை!

“பூங்கொடி, மாப்பிள்ளையும் இப்பிடித்தான் ஓட்டறாரா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“கேக்கறேன்ல? முள்ளு செகப்புக்குப் போனாலும் இந்தப் பக்கம் வந்துதான் போடறாரா? அட சாமி, படிச்ச மனுசன் பண்ற வேலையா இது? ஊட்டுக்குப் போனதும் நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேக்கறேன் பாரு. கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? எவன் சொன்னான் அவருக்கு இப்பிடி ஓட்டச் சொல்லி?”

பூங்கொடி திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு.

“நீதான் சொன்ன.”

“நானா?”

“வண்டிக்கு பூஜை போட்ட அன்னிக்கு. ஏழு வருசம் ஆச்சு. சக்கரத்துல வெச்ச எலுமிச்சம்பழம் நசுங்கறதுக்கு மின்னாடியே முன் சீட்ல ஏறி உக்காந்துகினு சொன்ன. ‘மாப்பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு சொட்டு போடக் கூடாது, எவ்வளவு அவசரமா இருந்தாலும் பார்டர் தாண்டி வந்து நம்ம பக்கந்தான் போடோணும், அப்பத்தான் உருப்படுவீங்க’ன்னு. வண்டி வாங்க பாதி காசு குடுத்தவ நீ. அவரு அன்னியிலிருந்து ஒரு நாள் கூட மீறல. நான் கூட சொல்லிப் பாத்துட்டேன், போட்டுத் தொலைங்கன்னு. அக்கா சொன்னதுன்னு சொல்லிட்டாரு.”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கட்டியிருந்த புடவை கூட ஞாபகம் வந்தது. யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன புத்திமதி அது. சொல்லிவிட்டு ரயிலேறினேன், மறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது அடுத்தவர் வண்டி.

“முனிரத்தினம் கேட்டப்ப இல்லைன்னாரே, ஏன்?”

“மெக்கானிக் எதிர்ல உன்னை எப்டி சொல்லுவாரு?”

கிணற்றில் தண்ணீர் பார்க்காமல் சுவிட்ச் போட்ட எத்தனை பேரை அறிவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, சொல்லப்போனால் அழுகையே வந்தது. சிக்னல் விழுந்து ரயில் கிளம்பியபோது எதிர் சீட்டுக்காரர் எனக்கு ஒரு கொய்யாப்பழம் நீட்டினார். உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அன்று இரவு தணிகாசலம் தோசையைத் தானே சுட்டுப் போட்டார். “பம்பு கெடைச்சுதே, அது போதும்க்கா,” என்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வாயாடி என்று பெயர் எடுத்த நான் அதைத் தோசையோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனதும் முதல் வேலையாக முனிரத்தினத்திடம் போய் நின்றேன். தணிகாசலம் பக்கத்தில்தான் இருந்தார்.

“நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில் என்கிட்ட இருக்குதுங்க. ரிசர்வுலதான் ஓட்டிருக்காரு. ஓட்டச் சொன்னது நான்.”

தணிகாசலம் பதறிவிட்டார். “அக்கா, இன்னா நீங்க…”

“சும்மா இருங்க மாப்பிள்ளை. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிருங்க.”

முனிரத்தினம் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சீங்களா? பள்ளிப்பட்டுலேர்ந்து இங்க வரைக்கும் பாதி வண்டி இப்டித்தான் வருது. எல்லாருக்கும் பார்டர் தாண்டித்தான் போடணும். கவர்மென்ட்டு கோடு போட்டது ரோட்டுலதானே, பம்புக்கு அது தெரியுமா?” பிறகு தணிகாசலத்திடம், “கால் டேங்குக்குக் கீழ எறக்காத பாவா. அவ்ளோதான் வைத்தியம்,” என்றார்.

புது பம்பும் வடிகட்டியும் உட்கார்ந்தன. டேங்கை ஏற்றி, ஐந்து லிட்டர் ஊற்றி, சாவியைப் பாதி திருப்பி நிறுத்தி, மறுபடி திருப்பி, மூன்று தடவை. குழாயில் பெட்ரோல் நிறையத்தான் அது. கேஜ் முள் மூன்றுக்கு ஏறி நின்றது. மிதித்தார், ஒரு துளி இறங்கி அதே இடத்துக்கு வந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம், பெரிதாக இறங்கவில்லை. எங்கும் ஒழுகவும் இல்லை.

“இனிமே மலைதான் சொல்லணும்,” என்றார் முனிரத்தினம். அவரும் தணிகாசலமும் பூங்கொடியும் வண்டியில் மேலே வருவது, நான் படியேறுவது என்று முடிவானது. அணை கொடுக்கக் கல் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்கிறார்கள். நான் எண்ணவில்லை. இருபது படிக்கு ஒரு தடவை நின்றேன். முழங்கால் வலித்தது, தாங்கிக்கொள்கிற வலிதான். பக்கத்தில் காவடி எடுத்த குடும்பம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு ஏறியது. என் காது அதில் இல்லை. மலைப்பாதையில் ஏதாவது வண்டி உறுமினால் அது நம்முடையதா, உறுமல் அறுந்துபோகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சாமியிடம் ஏதாவது வேண்டுவேன். அன்றைக்கு, ‘முருகா, என் வாய்க்காக அந்த அஞ்சு டீச்சரை அவர்கிட்ட இருந்து பிரிச்சுராதே’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். முழங்காலுக்கு நன்றி சொல்லக் கூட மறந்துவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. வண்டி நிறுத்தும் இடத்தை நோக்கி நடந்தேன். வேன் நின்றுகொண்டிருந்தது, பானெட் மூடியபடி. முனிரத்தினம் அதன்மேல் சாய்ந்து பஞ்சாமிர்தம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நடுவுல ஒரு வாட்டி எறங்கி ரெண்டு வாட்டி ஏறிட்டோம்மா. நீங்க ஒரு வாட்டி ஏறங்காட்டியும்,” என்றார்.

நான் படிக்கல்லில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வியர்வை துடைக்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருக்கட்டும்.

திங்கட்கிழமை நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஐந்து டீச்சர்களும் ஐந்து இடத்தில் ஏறினார்கள். சுஜாதா டீச்சர் ஏறும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் எல்லோரும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். வண்டி உதறாமல் ஏறி இறங்கியது. எல்லை தாண்டி, கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காக மாறிய பிறகுதான் பின்னால் பேச்சு ஆரம்பித்தது, யாருடைய மாமியாரைப் பற்றியோ. பள்ளி வாசலில் இறங்கும்போது இன்னும் மணி அடிக்கவில்லை.

சுஜாதா டீச்சர் ஜன்னல் பக்கம் வந்தார். “சாயங்காலம் நாலரைக்கு வந்துடுங்க தணிகாசலம். நாளைக்கும் அதே டைம்தான்,” என்றார். அவ்வளவுதான். தணிகாசலம் தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் நகரியைத் தாண்டியதும், எல்லைக்கு முன்னாலேயே ஒரு பங்க் வந்தது. முள் கால் டேங்குக்குச் சற்றுக் கீழே இருந்தது. வண்டியின் வேகம் குறைந்தது, ஆனால் திரும்பவில்லை. அவர் பங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருந்தேனே ஒழிய, சொன்னதை வாபஸ் வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“பார்டர் பக்கத்துலதான்க்கா. போய்டலாம்,” என்றார் மெதுவாக.

“திருப்புங்க மாப்பிள்ளை. ஃபுல்லா போடச் சொல்லுங்க.”

பங்கில் ஒரு பெண் நின்றிருந்தாள். குழாயை மாட்டிவிட்டு, வேனை மேலும் கீழும் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். தணிகாசலம் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். அவள் குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“என்ன கேட்டா அவ?”

“ஏழு வருசமா தெனம் ரெண்டு வாட்டி போறீங்க, ஒரு நாள் கூட உள்ள வந்தது இல்லியே, இன்னிக்கு இன்னா விசேஷம்னு கேட்டாக்கா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் முன்னால் இருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

“எங்க அக்கா ஊர்லேர்ந்து வந்து போடச் சொன்னாங்கன்னு சொன்னேன்.”